"பிள்ளைக்கு வலிக்குமா சிஸ்டர்?": பச்சிளங்குழந்தை ஐசியு வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் பச்சிளங்குழந்தை ஐசியுவில் பல வருஷமாக வேலை பார்க்கும் நர்ஸ் நான். கொல்லங்கோட்டிலிருந்து வந்தாலும் ஆரல்வாய்மொழியிலிருந்து வந்தாலும், கதவுக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முதல் இரண்டு நாள் கேட்பது இரண்டே விஷயம்தான். எடை எவ்வளவு, பிழைக்குமா. மூன்றாம் நாள்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்தது வரும்: "பிள்ளைக்கு வலிக்குமா சிஸ்டர்?"

அதைச் சுற்றி என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவுகளை வேண்டுமென்றே எழுதவில்லை. அது கிராம் கணக்கில் எடை பார்த்து டாக்டர் போடுகிற கணக்கு. உங்கள் பிள்ளையைப் பார்க்கிற டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் சரி.

இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு வலியெல்லாம் தெரியுமா?

தெரியும். கர்ப்பத்தில் 24, 25 வாரம் ஆகும்போதே வலிச் செய்தி மூளையின் மேற்பரப்பு வரை போய்ச் சேரும் பாதை உருவாகிவிடுகிறது. ஆனால் வலியை அடக்கி வைக்க மூளையிலிருந்து கீழே இறங்கும் பாதை ஒன்று உண்டு. அது முதிர இன்னும் பல வாரம் ஆகும். நமக்கு இருக்கிற பிரேக் குறைமாசப் பிள்ளைக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒரே ஊசி நம்மைவிட அதற்குத்தான் அதிகம் வலிக்கும்.

"அதுக்கு என்ன தெரியப்போவுது" என்று சொல்கிற ஆச்சிமாரை நான் குறை சொல்வதில்லை. உலகத்தின் பெரிய பெரிய மருத்துவமனைகளே 1980கள் வரை அப்படித்தான் நம்பின. 1985இல் அமெரிக்காவில் ஒரு குறைமாசக் குழந்தைக்கு, இதயத்துக்குப் பக்கத்தில் மூடாமல் இருந்த ரத்தக்குழாயைக் கட்ட நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். கொடுத்தது அசையாமல் இருக்க ஒரு மருந்து மட்டும். வலிக்கு எதுவும் இல்லை. பிள்ளை இறந்த பிறகு விஷயத்தைத் தெரிந்துகொண்ட தாய் அதை ஊரறியச் சொன்னார். கிட்டத்தட்ட அதே காலத்தில், இந்தூரில் எம்பிபிஎஸ் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன நம் நாட்டு டாக்டர் கே.ஜே.எஸ். ஆனந்த், இதே ஆபரேஷனுக்கு வந்த குறைமாசக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். வலி மருந்து பெற்ற பிள்ளைகளின் உடம்பில் பதற்ற ஹார்மோன்கள் குறைவாக இருந்தன, ஆபரேஷனுக்குப் பின் வந்த சிக்கல்களும் குறைந்தன. 1987இல் அந்த ஆய்வு வெளிவந்த பிறகுதான் "சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து ஆபத்து, வலி ஒன்றும் பெரிதில்லை" என்ற பேச்சு மாறத் தொடங்கியது. யோசித்துப் பாருங்கள், அது நேற்று நடந்த மாதிரிதான். இன்று பிள்ளை பெறுகிறவர்களில் பலருடைய அம்மா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்.

தூக்க மருந்து போட்டிருக்கிறார்கள் என்றால் வலி தெரியாதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தூக்கம் வேறு, வலி நீங்குவது வேறு. மிடாசோலம், ஃபினோபார்பிட்டோன், ஸ்கேனுக்கு முன் வாயில் விடுகிற டிரைக்ளோஃபாஸ் சிரப், இவையெல்லாம் பிள்ளையைத் தூங்க வைக்கும் அல்லது அமைதிப்படுத்தும். வலியை நீக்காது. மார்ஃபின், ஃபென்டனில் இரண்டும் வலியை நீக்கும், கூடவே தூக்கத்தையும் தரும். பாராசிட்டமால் வலியைக் குறைக்கும், தூக்கம் தராது. வெக்குரோனியம் மாதிரி தசையைத் தளர்த்துகிற மருந்து இரண்டில் எதையும் செய்யாது. அதைப் போட்ட பிள்ளை விரலைக்கூட அசைக்காது, ஆனால் உள்ளே முழு விழிப்போடு வலியை அனுபவித்துக்கொண்டிருக்கலாம். அதனால்தான் அந்த மருந்தைத் தனியாகப் போடக் கூடாது, வலி மருந்தும் கூட ஓட வேண்டும் என்பது விதி.

எனவே "பிள்ளை அசையாம தூங்குது, நிம்மதி" என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வரும்போது கேளுங்கள்: "இப்ப ஓடுறது வலிக்கா, தூக்கத்துக்கா?" நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

வாய் திறந்து சொல்லத் தெரியாத பிள்ளையின் வலியை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

முகம்தான் முதலில் சொல்லும். புருவம் நடுவில் புடைத்துக்கொள்ளும், கண் இறுக மூடும், மூக்கின் பக்கத்திலிருந்து வாய் ஓரத்துக்கு ஒரு கோடு ஆழமாக விழும். மானிட்டரில் இதயத் துடிப்பு ஏறும், ஆக்சிஜன் அளவு இறங்கும். இவை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிற அட்டவணைகள் உண்டு. பிஐபிபி, நிப்ஸ், என்-பாஸ் என்று பல பெயர்கள். குறைமாசத்துக்கென்றே செய்த பிஐபிபியில் பிள்ளை எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். காரணம், வாரம் குறையக் குறையப் பிள்ளை காட்டும் அடையாளமும் குறையும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அழுகிற பிள்ளைக்குத்தான் வலி என்று நினைக்கிறோம். 27 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கோ ரத்தத்தில் கிருமி பரவிய பிள்ளைக்கோ அழக்கூடத் தெம்பு இருக்காது. கை கால் துவண்டு, முகம் மாறாமல் கிடக்கும். மூச்சுக்குழாயில் டியூப் இருந்தால் அழுதாலும் சத்தம் வராது. சத்தமில்லாத பிள்ளையைத்தான் நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன்.

அப்புறம், தாய்மார் சொல்வதையும் நாங்கள் எழுதி வைக்கிறோம். நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா "இன்னைக்கு என்னமோ மாதிரி நெளியுறான் சிஸ்டர்" என்றால், அதைத் தட்டிக் கழிக்கிற நர்ஸ் அனுபவம் இல்லாதவள்.

நாள் முழுக்கக் குத்திக்கொண்டே இருக்கிறார்களே, இவ்வளவு தேவையா?

நியாயமான கேள்வி. பாரிஸ் வட்டாரத்து ஐசியுக்களில் 430 பிள்ளைகளைக் கூடவே இருந்து கவனித்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் 14 நாளில், நடுவாந்தரமான ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு வலி தரும் வேலைகள் 10 நடந்திருந்தன. குதிகாலில் குத்துவது, ஊசி போடுவது மட்டும் இல்லை. தொண்டையில் சளி உறிஞ்சுவது, பிளாஸ்டரை உரிப்பது எல்லாம் சேர்த்து. அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்குக்கு, அந்த வலிக்கென்று எதுவும் கொடுக்கப்படவில்லை. பாரிஸிலேயே இதுதான் நிலைமை.

ஆக, முதல் வலி மருந்து எது என்றால் குத்தாமல் விடுவதுதான். இன்றைக்கு இந்த ரத்தப் பரிசோதனை வேண்டுமா, நாளைக்கு எடுப்பதோடு சேர்த்துவிடலாமா என்று டாக்டரும் நர்ஸும் பேசிக்கொள்கிற வார்டு நல்ல வார்டு. முதல் நாட்களில் தொப்புள்கொடி வழியே லைன் போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். கொடியில் வலி நரம்பு கிடையாது, அதில் குழாய் நுழைப்பது பிள்ளைக்குத் தெரியாது. அந்த ஒரு லைன், மருந்து ஏற்றக் கை காலில் போடுகிற வென்ஃப்லான் ஊசிக்குழாயின் பல குத்துகளை மிச்சப்படுத்துகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறை மாசப் பிள்ளைக்குக் குதிகாலைக் கிழித்துப் பிழிவதைவிட, கை தேர்ந்தவர் ரத்தக்குழாயில் ஒரே குத்தில் ரத்தம் எடுப்பது வலி குறைவு. பார்க்கும்போது நேர்மாறாகத்தான் தோன்றும்.

ஊசிக்கு முன்னால் நாக்கில் சீனித் தண்ணீர் விடுகிறார்கள். சேனை வைக்கக் கூடாது என்றவர்கள் இதை மட்டும் ஏன் செய்கிறார்கள்?

நம்ம ஊர் ஆச்சிமார் என்னை மடக்கிய கேள்வி இது. பிறந்த பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் விரலால் முதல் இனிப்பைத் தொட்டு நாக்கில் வைக்கிற சேனையை நாங்கள் தடுக்கிறோம், பிறகு நாங்களே இனிப்பு கொடுக்கிறோம். கேட்கத்தானே செய்வார்கள்.

வித்தியாசம் இருக்கிறது. நாங்கள் விடுவது ஆம்பூலில் வரும், கிருமி நீக்கிய 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அல்லது 24 சதவீத சுக்ரோஸ். சில துளிதான், நாக்கின் நுனியில், குத்துவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால். இனிப்பு நாக்கில் பட்டதும் பிள்ளையின் அழுகை நேரம் குறைகிறது, முகச்சுளிப்பு குறைகிறது. வயிற்றுக்குள் குழாய் வழியாக விட்டால் இந்தப் பலன் இல்லை, நாக்கில் பட வேண்டும். சேனையில் வருவது கருப்பட்டியோ தேனோ, யாரோ ஒருவரின் விரலோ. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயசுக்குள் உள்ள பிள்ளையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். பிடிவாதமாக இருக்கிற ஆச்சியிடம் நான் சொல்வது: "சேனை வைக்கிற ராசி ஒங்க கையில இருக்கட்டும். அந்தக் கையால பிள்ள தலையத் தொட்டு இருங்க, இனிப்ப நாங்க வைக்கிறோம்."

சீனி எல்லாவற்றையும் தீர்க்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2010இல் லண்டனில் பிள்ளைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, சுக்ரோஸ் கொடுத்தாலும் மூளையில் வலிக்கான அலை குறையவில்லை, முகச்சுளிப்புதான் குறைந்திருந்தது. அது வலியைக் குறைக்கிறதா, வெளியே காட்டுவதை மட்டும் குறைக்கிறதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அதனால் சின்னக் குத்துக்குச் சரி. நெஞ்சில் குழாய் போடுகிற வேலைக்குச் சீனி போதவே போதாது. அதற்கு லிக்னோகெயின் போட்டு இடத்தை மரத்துப்போகச் செய்து, மேலே மார்ஃபினோ ஃபென்டனிலோ வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கிற நிலையில் உள்ள பிள்ளை என்றால் சீனியே வேண்டாம். மாரில் போட்டுக்கொண்டு, பிள்ளை குடிக்கத் தொடங்கிய பிறகு குத்தச் சொல்லுங்கள்.

மார்ஃபின் போதை மருந்தாச்சே. பிள்ளை அடிமையாகிவிடாதா?

அடிமையாவது என்பது மனசு அதைத் தேடி அலைவது. பச்சைப்பிள்ளைக்கு அது நேராது. ஆனால் உடம்பு பழகிப்போவது நேரும். ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து ஓடினால், திடீரென்று நிறுத்தும்போது உடம்பு முரண்டு பிடிக்கும். கீச்சென்ற அழுகை, கை கால் நடுக்கம், அடிக்கடி தும்மல், கொட்டாவி, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் வரலாம். அதைத் தவிர்க்கத்தான் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறோம். "நேத்து நல்லா இருக்குன்னு சொன்னீங்க, இன்னும் மருந்த நிறுத்தலியே" என்று கோபப்படுகிற அப்பாக்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

இது 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற மருந்து. பூட்டிய பெட்டி, பதிவேடு, ஆம்பூலில் மிச்சம் இருப்பதைக் கொட்டுவதற்குக்கூட சாட்சிக் கையெழுத்து. 2014இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி அவசியமான மருந்துகளை அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வாங்கி வைப்பதை எளிதாக்கினார்கள். அதற்கு முன் பல ஆஸ்பத்திரிகள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மார்ஃபினை வாங்காமலே இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறோர் இடத்தில், பெட்டிச் சாவி வைத்திருந்தவர் வந்து சேரும் வரை ஒரு பிள்ளை வலியோடு அரைமணி நேரம் காத்துக் கிடந்தது. பூட்டு வேண்டியதுதான். சாவி பக்கத்தில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் எங்கள் சித்தி, "அங்கே வென்டிலேட்டரில் இருந்தால் மார்ஃபின் போடுவோம், உங்க ஆஸ்பத்திரியில ஏன் போடல" என்று கேட்கிறாள்.

நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருக்கிறாள், வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் போய்க்கொண்டே இருக்கும். சித்தி கேட்பது தப்பில்லை. ஆனால் வென்டிலேட்டரில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்ஃபின் என்பது இப்போது அங்கேயும் கட்டாய வழக்கம் இல்லை.

23 முதல் 32 வாரத்துக்குள் பிறந்து வென்டிலேட்டரில் இருந்த 898 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தொடர்ந்து மார்ஃபினும் மறுபிரிவுக்கு வெறும் திரவமும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2004இல் வந்தது. மூளையில் ரத்தக்கசிவையோ இறப்பையோ மார்ஃபின் குறைக்கவில்லை. ரத்த அழுத்தம் இறங்கிய பிள்ளைகள் மார்ஃபின் பிரிவில் அதிகம். டியூபை எடுக்கவும் நாள் கூடியது. மிடாசோலத்தின் கதை இன்னும் மோசம். குறைமாசப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து ஓட்டினால் நரம்புச் சிக்கல் கூடலாம் என்ற பயம் இருப்பதால் கூடியவரை தவிர்க்கிறோம்.

அதற்காக ஒன்றுமே கொடுக்காமல் விடுவதும் இல்லை. மதிப்பெண் அட்டவணையில் வலி ஏறினால், மெஷினோடு மல்லுக்கட்டினால், ஆபரேஷன் முடிந்து வந்திருந்தால், குடல் அழற்சியில் வயிறு வீங்கியிருந்தால் கொடுக்கிறோம். அவசரமில்லாமல் டியூப் போடும்போதும் முன்கூட்டியே வலி மருந்து போகும். பிறந்த அறையிலேயே மூச்சு இல்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு மட்டும் அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

டெக்ஸ்மெடிடோமிடின் என்ற புதிய மருந்தைப் பற்றியும் சித்தி சொல்லியிருப்பாள். மூச்சை அவ்வளவு அடக்காமல் அமைதிப்படுத்துகிறது. நம் பக்கமும் வந்துவிட்டது. இதயத் துடிப்பு குறைகிறதா என்று பார்த்துக்கொண்டு கொடுப்பார்கள்.

மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி மருந்தால் மூச்சு நின்றுபோகுமா?

போகலாம். மறைக்க ஒன்றுமில்லை. மார்ஃபினை உடம்பிலிருந்து கழிக்கிற வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது, பச்சைப்பிள்ளையின் கல்லீரல் இன்னும் அந்த வேலைக்குப் பழகவில்லை. குறைமாசப் பிள்ளையின் உடம்பில் மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 9 மணி நேரம் ஆகிறது. கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு இரண்டு மணி நேரம். அதனால் மருந்து சேர்ந்துகொண்டே போகும். மானிட்டர் இல்லாத இடத்தில், மூச்சுக்கு உதவ ஆள் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது. ஃபென்டனிலை வேகமாகத் தள்ளினால் நெஞ்சுத் தசை கல் மாதிரி இறுகி, காற்றே உள்ளே போகாது. அதனால்தான் சிஸ்டர் அவ்வளவு மெதுவாக ஊசியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். வேலை தெரியாமல் இல்லை. இந்த மருந்துகளின் வேகத்தை முறிக்கிற நாலாக்ஸோன் பக்கத்தில் தயாராக இருக்கும்.

ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்தால் பின்னால் படிப்பு மந்தமாகுமா?

2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்று வயசுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்க மருந்து பற்றி எச்சரிக்கை விட்டது. அதைத்தான் யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு மணி நேரத்துக்குள் முழு மயக்கம் பெற்ற பிள்ளைகளை ஐந்து வயசில் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் செய்த பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. பச்சைப்பிள்ளைக்குச் செய்கிற ஆபரேஷன் பெரும்பாலும் தள்ளிப்போட முடியாதது. குடல் அடைத்துக் கிடக்கும்போது மயக்க மருந்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. அடக்கப்படாத வலியும் வளரும் மூளைக்கு நல்லதில்லை என்பதைத் தராசின் மறு தட்டில் வையுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நரம்பு வழியே பாராசிட்டமால் கொடுத்தால் மார்ஃபின் தேவை மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 2013இல் காட்டியது. "வெறும் பாராசிட்டமாலா?" என்று இனி முகம் சுளிக்காதீர்கள்.

பிறந்ததும் அழாததால் பிள்ளையைக் குளிர வைத்திருக்கிறார்கள். அதற்கும் மார்ஃபினா?

ஆமாம், பல இடங்களில் சிறிய அளவில். மூளை பாதிப்பைக் குறைக்க உடம்பை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருக்கிறோம். குளிரில் நடுங்கித் தவிக்கிற பிள்ளைக்கு அந்தச் சிகிச்சையின் பலனே குறையும். குளிர்ந்த உடம்பில் மருந்து இன்னும் மெதுவாகக் கழியும் என்பதால் அளவைக் குறைத்தே கொடுப்பார்கள்.

கண் பரிசோதனை அன்றைக்குப் பிள்ளை கத்துவதைக் கேட்க முடியவில்லை.

எங்களுக்கும்தான். ஆனால் 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைந்தாலோ நாலு வாரத்துக்குள் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும், விட்டால் பார்வை போகலாம். ரொம்பக் குறைமாசம் என்றால் அதற்கும் முன்னாலேயே. கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு, நாக்கில் இனிப்பு, துணியில் சுற்றிப் பிடித்தல், இவைதான் இப்போதைக்கு நம் கையில். இதற்கு வாய்வழி மார்ஃபின் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று ஆக்ஸ்ஃபோர்டில் முயன்றார்கள். பிள்ளைகளுக்கு மூச்சுச் சிக்கல் வந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் நல்ல பதில் இன்னும் யாரிடமும் இல்லை.

மூளை ஸ்கேனுக்குத் தூக்க மருந்து கட்டாயமா?

பெரும்பாலும் வேண்டாம். பால் கொடுத்து, துணியில் இறுக்கமாகச் சுற்றி, காதை மூடி, விளக்கைக் குறைத்தால் பச்சைப்பிள்ளை தானே அரைமணி நேரம் தூங்கும். ஸ்கேன் அறைக்காரர்களுக்கு அவசரம், அவர்களுக்குச் சிரப்தான் வசதி. "பால் குடுத்துச் சுத்திப் பாக்கலாமா?" என்று நீங்கள் கேட்டால் நேரம் ஒதுக்குவார்கள்.

தூங்க மருந்து கொடுத்துவிட்டு காபி மருந்தும் ஏன்?

கேஃபீன் சிட்ரேட் மூச்சு விட மறக்கிற குறைமாசப் பிள்ளைக்கு மூச்சை நினைவூட்டுவது. வலிக்கும் தூக்கத்துக்கும் அதில் சம்பந்தமில்லை.

அப்பா கடலுக்குப் போயிருக்கிறார், அம்மாவுக்கு சிசேரியன் புண். கங்காரு அணைப்பு யார் கொடுப்பது?

தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் இது அடிக்கடி நடக்கும். படகு கரை சேர வாரக்கணக்கில் ஆகும். பாட்டி கொடுக்கலாம், சித்தி கொடுக்கலாம். உடம்பில் காய்ச்சல், இருமல், தோல் நோய் இல்லாமல், குளித்து வந்தால் போதும். நெஞ்சோடு நெஞ்சாகத் தோல் பட வைப்பதுதான் மருந்து. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய வழக்கம் இது. குதிகால் குத்துக்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்தே அப்படி வைத்திருந்தால் வலி மதிப்பெண் குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பக்க விளைவு இல்லை, பூட்டிய பெட்டி இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை.

வெளியே எடுக்க முடியாத பிள்ளை என்றால் இன்குபேட்டருக்குள் கையை விட்டு, ஒரு கை தலையில், ஒரு கை மடக்கிய கால்களில் வைத்து அசையாமல் பிடித்திருங்கள். தடவாதீர்கள். குறைமாசத் தோலுக்குத் தடவுவது இதமாக இருக்காது, அழுத்தாமல் பொத்திப் பிடிப்பதுதான் இதம். சிசேரியன் அம்மா எழுந்து வரும் வரை பால் கறந்து கொடுத்தால், குத்தும்போது அதில் சில துளிகளை நாக்கில் விடலாம். அப்பா கரைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றி உட்கார வைத்துவிடுவோம்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஆம்புலன்ஸில் மாற்றும்போது?

டியூப் போட்ட பிள்ளைக்கு வண்டிக் குலுக்கலே வலி. அதனால் கிளம்பும் முன் வலி மருந்து கொடுத்து, வழியில் ஓட பம்பில் போட்டு அனுப்புவார்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்து எஸ்ஏடி ஆஸ்பத்திரி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை நெரிசலில் மாட்டினால் இரண்டு மணி நேரமும் ஆகும். கடைசியாக எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதிய தாளை நீங்களும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேரும் இடத்தில் அதே மருந்தை இரண்டாம் தரம் போட்டுவிடாமல் இருக்க அது உதவும்.

இந்த மருந்துகளுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டுமா?

அரசு ஆஸ்பத்திரியில் வேண்டாம். 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ஆம்புலன்ஸ் எல்லாம் இலவசம். தனியாரில் பில்லில் வரும். ஆனால் வலி மருந்துகள் விலை குறைந்தவை. ஐசியு பில் ஏறுவது இவற்றால் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இரவில் அழுகிறது. மாமியார் ஜாதிக்காய் உரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்.

வேண்டாம். நம்ம மலையடிவாரத் தோட்டங்களில் விளைகிற நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் ஜாதிக்காயில் உண்மையிலேயே மயக்கம் தரும் பொருள் இருக்கிறது, அதனால்தான் பிள்ளை தூங்குகிறது. ஒரு கல்லில் நாலு உரை உரைத்தால் எவ்வளவு மருந்து இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. மூச்சு மறக்கிற பழக்கம் உள்ள பிள்ளைக்கு இது விஷப்பரீட்சை. வசம்பு, கசகசா, கிரைப் வாட்டர் எல்லாவற்றுக்கும் இதே பதில். ஐசியுவில் இருந்து வந்த பிள்ளை சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் பழகிப்போயிருக்கும், வீட்டின் அமைதி அதற்குப் புதுசு. முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், பால் குடிக்காமை, கீச்சென்ற விடாத அழுகை என்று எது இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காமல் கொண்டுவாருங்கள்.

தடுப்பூசி போட்டால் பாராசிட்டமால் கொடுக்கலாமா?

டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கிற டிராப்ஸில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125, அதாவது ஒரு மில்லிக்கு 25தான். சிரப்புக்கு எழுதிய அளவை டிராப்ஸில் கொடுத்தால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். மூத்த பிள்ளைக்கு வாங்கிய புட்டி அலமாரியில் இருக்கிறது என்று எடுத்துக் கொடுப்பதில்தான் இந்தத் தப்பு நடக்கிறது. ஊசி குத்தும் நேரத்துக்குப் பிள்ளை மாரில் குடித்துக்கொண்டிருக்கட்டும். சுகாதார நிலையத்து சிஸ்டர் அவசரப்பட்டால், "ரெண்டு நிமிஷம், குடிக்க ஆரம்பிக்கட்டும்" என்று சொல்லுங்கள்.